டீசல் தீர்ந்து நின்ற லாரியை மறுபடி ஓடவைப்பது எப்படி?

கேனில் டீசல் வாங்கி வந்து ஊற்றிச் சாவியைத் திருப்பினால் லாரி ஓடிவிடும் என்றுதான் புதிதாக வண்டிக்கு வருபவர்கள் நினைக்கிறார்கள். பெட்ரோல் பைக்கில் அது நடக்கும். டீசல் லாரியில் பெரும்பாலும் நடக்காது. நான் கிளீனராக இருந்த காலத்தில், சேலத்திலிருந்து தர்மபுரிக்கு ஏறும் தொப்பூர் மேட்டில் இதைக் கற்றுக்கொண்டேன். டீசல் முள் வேலை செய்யாத வண்டி. டேங்கில் குச்சி விட்டு அளப்பது என் வேலை. அன்று நான் அளக்கவில்லை. ஐந்து லிட்டர் டீசலை ஊற்றிவிட்டு டிரைவர் அண்ணன் செல்ஃப் அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். பேட்டரி படுத்ததுதான் மிச்சம்.

அந்த நேரத்தில் டேங்கில் டீசல் இருந்தது. குழாய்களுக்குள் காற்று இருந்தது, அதுதான் தகராறு. டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தத்தில் கொதிக்கும் காற்றுக்குள் டீசலைப் பீய்ச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும். பழைய பம்ப் வண்டிகளில், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் வாய் திறக்கவே சுமார் 200 பார் அழுத்தம் வேண்டும். டீசல் எளிதில் நசுங்காது என்பதால் பம்ப் தள்ளியதும் அழுத்தம் ஏறிவிடும். காற்றோ பஞ்சு மாதிரி அமுங்கிக்கொடுக்கும், இன்ஜெக்டர் திறக்காது. ஏர் லாக் என்பது இதுதான். எனவே டீசல் ஊற்றுவது பாதி வேலை. ஏர் எடுப்பது மீதிப் பாதி.

முதலில் வண்டியை ஓரம் கட்டுங்கள்

எஞ்சின் இருமத் தொடங்கியதுமே இடப்பக்கம் ஒதுங்கிவிடுங்கள். எஞ்சின் அடங்கினால் பவர் ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும். கம்ப்ரசர் நின்றுவிடுவதால் பிரேக்குக்குப் புதிதாகக் காற்றும் ஏறாது. ஹேண்ட் பிரேக், சக்கரங்களுக்குக் கல், நான்கு பக்க இண்டிகேட்டர், பின்னால் தள்ளி முக்கோணப் பலகை. இவை முடிந்த பிறகே கேனைத் தேடலாம்.

எவ்வளவு ஊற்றுவது?

ஐந்து லிட்டர் போதாது. டேங்கில் உறிஞ்சும் குழாய் அடிமட்டத்துக்குச் சற்று மேலேயே நின்றுவிடும். 20 லிட்டராவது ஊற்றுங்கள். மேட்டில் நின்றால் டீசல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும், அதனால் இன்னும் கூடுதலாக வேண்டும். புனலில் சுத்தமான வடிகட்டி இருக்கட்டும். பிஎஸ் 6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) வண்டிகளில் நீல மூடி போட்ட சிறிய டேங்க் ஒன்று இருக்கும்; அது டீசலுக்கானது அன்று. இருட்டில் மாற்றி ஊற்றிவிடாதீர்கள்.

பழைய பம்ப் வண்டியில் ஏர் எடுப்பது

10, 13, 17, 19 ஸ்பேனர்கள், ஒரு துணி, ஒரு டார்ச் போதும். டீசல் பம்பின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சிறிய ஃபீட் பம்பில் குமிழ் ஒன்று இருக்கும். அதுதான் ஹேண்ட் பிரைமர். குமிழைத் திருகித் தளர்த்தினால் மேலே எழும்பும்.

ஃபில்டர் தலையில் உள்ள ஏர் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டுக் குமிழை அடியுங்கள். முதலில் கைக்கு எந்தப் பாரமும் தெரியாது. பிறகு 'புஸ்' என்று காற்று வரும். அதன்பின் சோப்பு நுரை மாதிரி வெளுத்த டீசல் வழியும். நுரை வந்ததும் முடிந்தது என்று பலர் திருகை மூடிவிடுகிறார்கள். குமிழி ஒன்றுகூட இல்லாமல் தெளிவான டீசல் ஒரே கம்பியாக வரும்வரை அடிக்க வேண்டும். டீசல் வழிந்துகொண்டிருக்கும்போதே திருகை இறுக்குங்கள். அடிப்பதை நிறுத்திவிட்டு இறுக்கினால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். இரண்டு ஃபில்டர் இருந்தால் டேங்க் பக்கத்து ஃபில்டரில் தொடங்குங்கள். பிறகு டீசல் பம்பில் உள்ள ஏர் திருகிலும் இதையே செய்யுங்கள். கடைசியாகக் குமிழை அழுத்தித் திருகி மூட மறக்க வேண்டாம். திருகைக் கழற்றும்போது செம்பு வாஷர் கீழே விழும். புழுதியில் அதைத் தேடுவதில்தான் பாதி இரவு போகும்.

இனிச் செல்ஃப். ஒரு முறைக்குப் பத்து, பதினைந்து விநாடிக்கு மேல் வேண்டாம். நடுவில் இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள். இடைவிடாமல் அடித்தால் செல்ஃப் மோட்டார் எரிந்துபோகும், அந்தச் செலவு ஒரு கேன் டீசலோடு முடியாது. சைலன்சரைப் பார்த்துக்கொண்டே அடியுங்கள். புகையே இல்லையென்றால் டீசல் இன்னும் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் போகிறது, எஞ்சின் பிடிக்கப் போகிறது என்று பொருள்.

அப்படியும் பிடிக்கவில்லையென்றால் இன்ஜெக்டர் முனையில் இரண்டு குழாய் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். டீசல் துப்பத் தொடங்கியதும் நிறுத்தச் சொல்லி இறுக்குங்கள். விரலை அருகே கொண்டுபோகாதீர்கள். அழுத்தத்தில் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

காமன் ரெயில் வண்டியா?

எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும் வண்டி இது. இப்போது வரும் லாரிகளில் பெரும்பாலானவை இந்த வகை. மேலே சொன்ன நட்டு தளர்த்தும் வேலையை இதில் செய்யவே கூடாது. அந்தக் குழாய்களில் 1,600 பார், அதற்கு மேலும் அழுத்தம் நிற்கும். டேங்க் பக்கத்து முதல் ஃபில்டரின் தலையில் உள்ள கை பம்பைக் கெட்டியாகும்வரை அடியுங்கள். நூறு தடவை அடிக்க நேர்ந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். மின்சாரப் பம்ப் உள்ள வண்டியென்றால் சாவியை ஆன் நிலையில் அரை நிமிடம் வைத்து அணையுங்கள். நான்கைந்து முறை இப்படிச் செய்தபின் செல்ஃப் அடிக்கலாம். உயர் அழுத்தப் பம்புக்கு டீசல்தான் மசகு எண்ணெய். காய்ந்து சுழன்றால் உலோகப் பொடி உதிர்ந்து இன்ஜெக்டர்வரை போகும். இரண்டு, மூன்று முறை முயன்றும் பிடிக்காவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுவதுதான் சிக்கனம்.

ஓடிய பிறகு

கொஞ்ச நேரம் தடுமாறும். ஆக்சிலேட்டரை லேசாகப் பிடித்து ஓடவிடுங்கள், உறுமவிடாதீர்கள். ஐந்து நிமிடத்தில் மறுபடி அணைந்தால் எங்கோ காற்று நுழைகிறது. உறிஞ்சும் பக்கத்துக் குழாயில் ஓட்டை இருந்தால் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் கண்ணுக்கு அகப்படாது. இறுகிப்போன ரப்பர் குழாய், தளர்ந்த கிளிப், விட்டுப்போன வாஷர் ஆகியவற்றைப் பாருங்கள்.

தொப்பூரில் எங்களுக்கு நடந்ததும் இதுதான். பின்னால் வந்த லாரிக்காரர் ஒருவர் தன் பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்து, பிரைமர் அடித்து வண்டியை ஓடவைத்தார். (பெரிய லாரிகளுக்குப் பெரும்பாலும் 24 வோல்ட், காரில் 12 வோல்ட்தான்; அதனால் காரிலிருந்து எடுக்க முடியாது.) இரண்டு நிமிடத்தில் மறுபடி நின்றது. ஃபில்டர் தலைத் திருகில் வாஷர் இல்லை, கழற்றியவன் நான். டார்ச் அடித்துத் தேடியபோது அது முன் சக்கரத்துக்கு வைத்த கல்லின் அடியில் கிடந்தது.

டேங்க் காலியாகும்போது அடியில் படிந்த துருவும் தண்ணீரும் ஃபில்டருக்கு ஏறியிருக்கும். ஊர் போய்ச் சேர்ந்ததும் தண்ணீர் பிரிப்பானைத் திறந்து வடித்துவிட்டு, ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.