‘வரலாற்றில் இன்று’ எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

ஏப்ரல் 23 வந்தால் போதும், ஷேக்ஸ்பியரும் ‘டான் குயிக்சாட்’ எழுதிய ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டஸும் 1616இல் ஒரே நாளில் இறந்தார்கள் என்ற செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கிவிடும். தேதி என்னவோ ஒன்றுதான், நாள் வேறு. ஸ்பெயின் 1582 அக்டோபரிலேயே, இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. அந்த மாதம் 4ஆம் தேதிக்கு மறுநாள் 15. (அந்த இரவில்தான் அவிலா நகரத்துப் புனித தெரேசா இறந்தார். அவருடைய திருநாள் இன்றும் அக்டோபர் 15.) இங்கிலாந்தோ 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியை விடவில்லை. ஆக, ஷேக்ஸ்பியர் இறந்த அன்று ஸ்பெயினில் மே 3. போதாக்குறைக்கு, செர்வாண்டஸ் இறந்தது 22ஆம் தேதி, 23 அவரை அடக்கம் செய்த நாள் என்பதுதான் இன்று பெரும்பாலானோர் ஏற்கும் கருத்து.

ஷேக்ஸ்பியர் பிறந்ததும் ஏப்ரல் 23தான் என்று சிலர் சேர்த்துக்கொள்வார்கள். கையில் இருப்பது 1564 ஏப்ரல் 26இல் ஞானஸ்நானம் கொடுத்த பதிவு மட்டுமே. 23 என்பது ஊகம்.

சரி, பழைய நாட்காட்டித் தேதி எதுவானாலும் 13 நாள் கூட்டிப் புதிய தேதி ஆக்கிவிட்டால் ஆயிற்றா? அதுவும் தப்பு. 1917 அக்டோபர் 25இல் நடந்த ரஷ்யப் புரட்சி நவம்பர் 7 ஆவது 13 நாள் கூட்டித்தான். ஆனால் இந்த இடைவெளி நூற்றாண்டுக்கு நூற்றாண்டு மாறும். 1600களில் 10 நாள்தான். நியூட்டன் பிறந்த 1642 டிசம்பர் 25, புதிய கணக்கில் 1643 ஜனவரி 4. கலிலியோ இறந்தது 1642 ஜனவரி 8, அதுவும் புதிய கணக்கில். ‘கலிலியோ மறைந்த ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார்’ என்ற பிரபலமான வரி இரண்டு நாட்காட்டிகளைக் கலந்ததால் வந்தது.

நாட்காட்டி ஒன்றாகவே இருந்தாலும் கடிகாரம் காலை வாரும். ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தபோது அமெரிக்காவில் 1969 ஜூலை 20 இரவு. நமக்கு 21 காலை எட்டரை மணி நெருங்கிவிட்டது. அப்புறம் நம் பாரதி. 1921 செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டி, ஒன்றரை மணி வாக்கில் இறந்தார். அரசு 11ஐ மகாகவி நாளாகக் கொண்டாடுகிறது, கடிகாரப்படி அது 12. இரண்டில் எதைப் போட்டாலும் ‘நள்ளிரவுக்குப் பின்’ என்று சேர்த்துவிடுங்கள்.