மானிட்டருக்குப் பின்னால் ஸ்ட்ரிப் லைட்: முதல்முறை ஒட்டுபவர்களுக்கு

அறை விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் மானிட்டர் பார்த்தால் கண் சீக்கிரம் களைத்துவிடும். நடுவில் பளிச்சென்று திரை, சுற்றிலும் கும்மிருட்டு. பார்வை அங்கும் இங்கும் போகும்போதெல்லாம் கண் தன்னைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். மானிட்டருக்குப் பின்னால் இருக்கும் சுவரில் மெதுவாக ஒரு வெளிச்சம் விழுந்தால் இந்த வேலை குறையும். அதற்குத்தான் மானிட்டரின் முதுகில் ஒட்டும் ஸ்ட்ரிப், அதாவது சின்ன எல்இடி பல்புகள் வரிசையாகப் பதித்த நாடா. அவ்வளவுதான் விஷயம். இது கண் நோய்க்கு மருந்து அல்ல. எரிச்சலும் தலைவலியும் தொடர்ந்தால் ஸ்ட்ரிப்பை மாற்றி மாற்றிப் பார்க்காமல், வேலூர் ஆரணி ரோடு ஷெல் கண் மருத்துவமனை மாதிரி ஓர் இடத்தில் காட்டிவிடுங்கள்.

காட்பாடிப் பக்கம் மாணவர்கள் அறைகளில் வானவில் நிறங்கள் ஓடும் ஸ்ட்ரிப்தான் பிரபலம். அழகுக்கு அது சரி. முதல்முறை செய்பவருக்கு நான் சொல்வது வெள்ளை மட்டும் எரியும் ஸ்ட்ரிப். செலவு குறைவு, வேலையும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

அளவும் மின்சாரமும்

24 அங்குல மானிட்டர் ஏறக்குறைய 53 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம். மேல், இடம், வலம் என மூன்று பக்கம் மட்டும் ஒட்டினால் 113 செ.மீ. ஆகிறது. கீழ்ப்பக்கத்தை விட்டுவிடலாம். அங்கே ஒட்டினால் வெளிச்சம் மேசையில் பட்டுக் கண்ணில் அடிக்கும், ஸ்டாண்டும் குறுக்கே வரும்.

கடையில் சும்மா ‘ஸ்ட்ரிப் லைட்’ என்று கேட்டால் சீலிங் வேலைக்குப் போடும் சுருளை எடுத்து நீட்டுவார்கள். அது 12 வோல்ட்டாகவோ நேரடி 230 வோல்ட்டாகவோ இருக்கும். 230 வோல்ட் சுருளை மானிட்டர் பக்கமே கொண்டுவராதீர்கள். ‘5 வோல்ட், யுஎஸ்பி’ என்று சொல்லிக் கேளுங்கள். நிறம் 6500 கெல்வின் (வெள்ளையின் சாயலைச் சொல்லும் அளவு). திரைகளின் வெள்ளை பெரும்பாலும் இந்த அளவுக்குத்தான் அமைக்கப்படுகிறது. வார்ம் வொயிட் வாங்கினால் சுவர் மஞ்சளாகி, பக்கத்தில் திரை நீலம் பாய்ந்த மாதிரி தெரியும்.

அடுத்து ஒரு சின்னக் கணக்கு. ஸ்ட்ரிப் மீட்டருக்கு 5 வாட் என்று வைத்துக்கொள்வோம். 1.13 மீட்டருக்கு 5.65 வாட். அதை 5 வோல்ட்டால் வகுத்தால் 1.13 ஆம்பியர். கணினியின் யுஎஸ்பி 2.0 துளை தருவது 0.5 ஆம்பியர், 3.0 தருவது 0.9. இரண்டுமே போதாது. வீட்டில் சும்மா கிடக்கும் 5 வோல்ட் 2 ஆம்பியர் மொபைல் சார்ஜர் தாராளமாகப் போதும். ஃபாஸ்ட் சார்ஜர் போட்டால் ஸ்ட்ரிப் எரிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். போன் கேட்டால்தான் அது வோல்ட்டை ஏற்றும். ஸ்ட்ரிப்புக்குக் கேட்கத் தெரியாது, அதனால் 5 வோல்ட்தான் வரும்.

ஒட்டுவது

ஒட்டும் முன் முழுவதையும் எரியவிட்டுப் பாருங்கள். சரியாக எரிந்தால் இணைப்பைக் கழற்றிவிட்டு, கத்தரிக்கோல் குறி போட்ட இடத்தில் மட்டும் வெட்டுங்கள்.

நம் ஊரில் ஸ்ட்ரிப் கழன்று விழ முக்கியக் காரணம் தூசியும் வெயிலும். கத்திரி நாட்களில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். மானிட்டரின் சூடும் சேர்ந்தால் பின்பக்கப் பசை இளகிவிடும். அதனால் மானிட்டரை அணைத்து, நன்றாக ஆறிய பிறகு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு முதுகுப்பக்க ஓரத்தை மட்டும் துடையுங்கள். திரையில் ஸ்பிரிட் படவே கூடாது. காய்ந்ததும் விளிம்பிலிருந்து 4 செ.மீ. உள்ளே தள்ளி ஒட்டுங்கள். விளிம்பை ஒட்டிப் போட்டால் பக்கவாட்டிலிருந்து பல்புகள் புள்ளிபுள்ளியாகத் தெரியும். காற்றுத் துளைகளை மூடக் கூடாது. அவை இருக்கும் இடத்தில் ஸ்ட்ரிப் சற்று வளைந்து போனாலும் பரவாயில்லை.

மூலைதான் கைவேலை. ஸ்ட்ரிப்பைக் காகிதம் போல மடித்தால் உள்ளே செம்புக் கோடு விட்டுப்போய், அதற்கு அப்பால் எரியாது. மூலையில் ஒரு சின்ன வளையம் விட்டுத் திருப்புங்கள். வெளியே தெரியப்போவதில்லை. இரண்டு முனையிலும் மூலைகளிலும் சின்ன கேபிள் கிளிப் ஒன்று வைத்துவிட்டால் மே மாதத்தையும் தாங்கும். அப்புறம் ஓர் இரவு அப்படியே விட்டுவிட்டு மறுநாள் எரியவிடுங்கள்.

சுவர்

பலர் ஸ்ட்ரிப்பில் காட்டும் அக்கறையில் பாதிகூடச் சுவரில் காட்டுவதில்லை. வாடகை வீடு என்றால் இளம்பச்சை, ரோஸ் என்று ஏதோ ஒரு நிறம் இருக்கும். எவ்வளவு நல்ல வெள்ளை ஸ்ட்ரிப் வாங்கினாலும் கண்ணுக்கு வருவது அந்தச் சுவரின் நிறம்தான். வீட்டுக்காரரிடம் போய்ப் பெயிண்ட் பற்றிப் பேச வேண்டாம். இரண்டு வெள்ளை சார்ட் பேப்பரைச் சுவரில் ஒட்டிவிடுங்கள், போதும். பளபளப்பான எனாமல் சுவரில் பல்புகளின் பிம்பமே தெரியும். அதற்கும் சார்ட் பேப்பர்தான். மானிட்டரைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மிக நெருக்கினால் வெளிச்சம் பரவாது.

பிரகாசம் குறைவாக இருக்கட்டும். திரையின் முழு வெள்ளையில் பத்தில் ஒரு பங்கு போதும் என்பது பொதுவான கணக்கு. அளக்கக் கருவி தேவையில்லை. சுவர் தன் பக்கம் பார்வையை இழுத்தால், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் ஒன்றைப் போட்டுக் குறைத்துவிடுங்கள். டிம்மர் போட்ட பின் போன் கேமராவில் சுவரைப் பாருங்கள். கோடு கோடாக ஓடினால் அந்த டிம்மர் வெளிச்சத்தை வேகமாக அணைத்து அணைத்துக் குறைக்கிறது என்று அர்த்தம். சிலருக்கு அதுவே தலைவலி தரும். அப்படியானால் டிம்மரை மாற்றுங்கள்.

திரையின் நிறத்தோடு மாற வேண்டும் என்றால்

அது வேறு கதை. ஒவ்வொரு பல்பும் தனியாக நிறம் மாறும் டபிள்யூஎஸ்2812பி ஸ்ட்ரிப், அதைக் கட்டுப்படுத்த இஎஸ்பி32 என்ற சின்ன போர்டு, அதில் பல்புகளை இயக்கும் டபிள்யூஎல்இடி மென்பொருள், கணினியில் திரையைப் படித்து நிறங்களை அனுப்ப ஹைப்பீரியன் போன்ற ஒரு மென்பொருள் வேண்டும். முழு வெள்ளையில் ஒரு பல்பு 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். மீட்டருக்கு 60 பல்பு என்றால் நம் 113 செ.மீ.க்கு 68 பல்பு, கிட்டத்தட்ட 4 ஆம்பியர். மொபைல் சார்ஜர் இங்கே தாங்காது, 5 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் வாங்குங்கள். அடாப்டரின் மைனஸ், போர்டின் கிரவுண்ட், ஸ்ட்ரிப்பின் கிரவுண்ட் மூன்றும் ஒன்றாகச் சேர வேண்டும். ஸ்ட்ரிப்பில் அச்சிட்ட அம்புக்குறி போர்டிலிருந்து விலகிப் போகும் திசையில் இருக்கிறதா என்று பார்த்து இணையுங்கள். தலைகீழாக இணைத்தால் ஒரு பல்புகூட எரியாது.