வண்டியின் மூக்குக்கு முன்னால் எவ்வளவு தெரியவில்லை? அளந்து பாருங்கள்

பெரிய எஸ்யூவியில் உட்கார்ந்தால் ரோடு முழுக்கத் தெரிவதுபோல் இருக்கும். தெரிவது தூரத்து ரோடுதான். பம்பரை ஒட்டி நிற்கும் குழந்தை தெரியாது. எத்தனை அடி மறைகிறது என்று வீட்டு வாசலிலேயே அளந்துவிடலாம். டேப், சாக்பீஸ், 90 செ.மீ. குச்சி, துணைக்கு ஓர் ஆள் போதும். இரண்டரை வயதுக் குழந்தையின் உயரம் ஏறக்குறைய அந்தக் குச்சி அளவுதான்.

சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, சாவியை எடுத்துவிடுங்கள். தினமும் ஓட்டுகிற மாதிரியே சாய்ந்து உட்காருங்கள். எட்டிப் பார்த்தால் அளவு பொய்யாகிவிடும். துணையாள் குச்சியை பம்பரை ஒட்டி நேராகப் பிடித்து வண்டியை விட்டு மெல்ல விலகி நகரட்டும். நுனி தெரிகிற இடத்தில் ஒரு கோடு, குச்சியின் அடி தெரிகிற இடத்தில் இன்னொரு கோடு. நடுவிலும் இரு மூலைகளிலும் இதையே செய்யுங்கள். ஓட்டுநர் வலப்பக்கம் இருக்கும் நம் வண்டிகளில் இடது மூலையை விட்டுவிடாதீர்கள்.

கணக்கு எளிது. தரையிலிருந்து கண் உயரம் 150 செ.மீ., பானெட் முன்விளிம்பு 105 செ.மீ., இரண்டுக்கும் கிடைமட்ட இடைவெளி 2 மீட்டர் என்றால், தரை தெரிய ஏறக்குறைய 4.7 மீட்டர் தள்ளிப் பார்க்க வேண்டும். குத்துக்காலிட்டுப் பந்தை எடுக்கிற 60 செ.மீ. உயரக் குழந்தை 2 மீட்டர் தள்ளி இருந்தாலும் முழுக்க மறைந்துவிடும். சீட்டை 3 செ.மீ. உயர்த்தினால் தரையில் 30 செ.மீ. கூடுதலாகத் தெரியும், செலவில்லாத வேலை, இன்றே செய்யுங்கள். பெரிய டயர் மாட்டி வண்டியையே தூக்கினால் பானெட்டும் சேர்ந்து ஏறும், மறைவு கூடும்.

பானெட் முன்விளிம்பின் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த மூக்கு காலில் மோதும், ஆள் பானெட் மேல் சாய்வார். உயர்ந்த மூக்கு இடுப்பிலும் மார்பிலும் மோதி ஆளை முன்னால் தள்ளிவிடும், சக்கரம் மேலே ஏறும். அமெரிக்காவின் ஐஐஎச்எஸ் ஆய்வு மையம் 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி, 30 அங்குலத்துக்குள் சரிவான மூக்குள்ள வண்டியைவிட, 40 அங்குலத்துக்கு மேல் உள்ளதில் அடிபட்டவர் இறக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம்.

பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புக் கம்பித் தடுப்பு (புல்பார்) இருந்தால் கழற்றிவிடுங்கள். அது பம்பரின் நெளியும் தன்மையைக் கெடுக்கிறது. 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதன்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது.

வலது பக்கம் திரும்பும்போது முன்கண்ணாடியோரத் தூண் ஓர் ஆளையே மறைக்கும். ஸ்டியரிங்கைத் திருப்புமுன் தலையை ஒருமுறை முன்னும் ஒருமுறை பின்னும் அசைத்துப் பாருங்கள். ஸ்கூல் வாசலில் நின்று கிளம்பும்போது அதுவும் போதாது: இறங்கி முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு, உடனே ஏறி, உடனே நகருங்கள். நடுவில் போனை எடுத்தால் பார்த்தது வீண், மறுபடி இறங்குங்கள்.