இருவர் வேலைக்கு கிட் போதும்: நான் கடைப்பிடிக்கும் முறை

தமிழில் எழுத்துப்பிழை காட்டும் சிறு நிரல் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். நிரல் என் பொறுப்பு. அதன் சொற்பட்டியலைத் திருத்தித் தருபவர் என் நண்பர். கோப்புகளின் மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் ‘கிட்’ கருவியில்தான் இருவரும் வேலை செய்கிறோம். இதற்குப் பெரிய நிறுவனங்களின் கிளை முறைகள் (திட்டத்தைத் தனித்தனித் தடங்களாகப் பிரித்து வளர்க்கும் முறைகள்) எதுவும் தேவையில்லை. ‘மெயின்’ கிளை ஒன்றிலேயே வேலை நடக்கிறது. கைகூடுமா என்று தெரியாத முயற்சிக்கு மட்டும் தனிக் கிளை போடுவேன். கூடினால் இணைப்பேன், இல்லையேல் நீக்கிவிடுவேன். நீக்கிய பிறகு மனம் மாறினாலும் ‘கிட் ரெஃப்லாக்’ கைகொடுக்கும். எந்தக் கிளையிலும் சேராத கமிட்டுகளின் (பதிவு செய்த மாற்றங்களின்) தடத்தையும் அது வழக்கமாக 30 நாள் வைத்திருக்கும்.

பொறுமை வேண்டிய இடம் கமிட். ஒரு கமிட்டில் ஒரு காரியம்தான் இருக்க வேண்டும். ‘கிட் ஆட் -பி’ என்று கொடுத்தால் மாற்றங்களைத் துண்டு துண்டாகக் காட்டி, ஒவ்வொன்றையும் சேர்க்கவா என்று கேட்கும். சோதனைக்காகப் போட்ட பிரிண்ட் வரிகள் அங்கேயே கண்ணில் பட்டுவிடும்.

கமிட் செய்தியில் காரணத்தை எழுதுங்கள். என்ன மாறியது என்பதை, பழையதையும் புதியதையும் ஒப்பிடும் டிஃப் காட்டிவிடும். ஏன் மாறியது என்பது எழுதியவருக்குத்தான் தெரியும். “பிழை திருத்தம்” என்ற செய்தியால் யாருக்கும் பயனில்லை. என் செய்தி ஒன்று இப்படி இருக்கிறது: “‘கள்’ நீக்கும் விதிக்கு விலக்குப் பட்டியல் சேர்ப்பு. ‘திங்கள்’ என்பதைப் பன்மையாகக் கொண்டு ‘திங்’ என வெட்டி, பிழை என்று காட்டியது.” இந்த விலக்கு எதற்கு என்று பின்னாளில் ஐயம் வந்தால், அந்த வரியில் ‘கிட் பிளேம்’ ஓட்டினால் போதும்; வரியைக் கடைசியாக மாற்றிய கமிட்டை அது காட்டும்.

தமிழ்க் கோப்புகளில் கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. ‘கொடி’ என்ற சொல்லின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். டிஃப்போ ஒரே சொல்லைச் சிவப்பில் ஒரு முறையும் பச்சையில் ஒரு முறையும் காட்டும். அதைவிட மோசம், நிரல் அவற்றை இரு வேறு சொற்களாக எண்ணும். ஆகவே கமிட்டுக்கு முன் தானாக ஓடும் ‘ப்ரீ-கமிட்’ ஹூக் என்ற சிறு நிரலில், எல்லாச் சொற்களும் என்.எஃப்.சி வடிவில் (இத்தகைய குறியை ஒரே குறியீடாக வைக்கும் யூனிகோட் வடிவில்) இருக்கின்றனவா என்று பார்க்கிறேன். பைத்தான் மொழியின் ‘யூனிகோட்டேட்டா’ தொகுதி இருந்தால் சில வரிகளில் முடிகிற வேலை. தவறு இருந்தால் ஹூக் கமிட்டை நிறுத்த வேண்டும். தானாகத் திருத்தக் கூடாது. எனக்குத் தெரியாமல் கோப்பு மாறுவதை நான் விரும்புவதில்லை.

திட்டத்தை வேறு கணினிக்குக் குளோன் (நகல்) செய்யும்போது ஹூக்குகள் கூடவே வருவதில்லை. அவற்றைத் திட்டத்துக்குள் ஒரு கோப்புறையில் வைத்து, ‘கோர்.ஹூக்ஸ்பாத்’ அமைப்பில் அதன் பெயரைக் கொடுத்துவிடுங்கள். நண்பரின் கணினியிலும் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். கோப்பின் பெயர் தமிழில் இருந்தால் ‘கிட் ஸ்டேட்டஸ்’ அதை எண்களாகக் கொட்டும், ‘கோர்.கோட்பாத்’ அமைப்பை ‘ஃபால்ஸ்’ ஆக்கினால் தமிழிலேயே படிக்கலாம்.

சொற்பட்டியலில் வரிக்கு ஒரு சொல், வரிசை மாறாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் இருவர் திருத்தங்களும் மோதுவது குறையும். வரிசைப்படுத்தும்போது இரு கணினிகளிலும் ‘எல்சி_ஆல்=சி’ (எழுத்துகளைக் குறியீட்டு எண் வரிசையில் அடுக்கும் அமைப்பு) என்று வையுங்கள், இல்லையேல் ஆளுக்கொரு வரிசை வரும். அது அகராதி வரிசையாக இருக்காது; ‘ந’வை அடுத்து ‘ன’ வந்து நிற்கும். நிரலுக்கு அது போதும்.

ஒவ்வொரு கமிட்டிலும் நிரல் ஓடும் நிலையில் இருக்கட்டும். நேற்றுவரை சரியாக இருந்தது இன்று கெட்டால் ‘கிட் பைசெக்ட்’ பாதி பாதியாகத் தேடும். ஆயிரம் கமிட் இருந்தாலும் ஏறக்குறைய 10 சோதனையில் குற்றவாளியைப் பிடித்துவிடும். இடையில் ஓடாத கமிட்டுகள் கிடந்தால் தேடல் தடுமாறும்.

வெளியீட்டுக்கு ‘கிட் டேக் -ஏ’ கொண்டு டேக் (பெயர்க்குறி) இடுங்கள். கமிட்டுகளைப் பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்பும் வெறும் ‘கிட் புஷ்’ டேக்குகளை அனுப்பாது; ‘--ஃபாலோ-டேக்ஸ்’ சேர்த்து அனுப்புங்கள்.