பயணத்தில் மலச்சிக்கல்: என் அனுபவம்

விடுமுறைக்குக் கிளம்பிய இரண்டாம் நாளே வயிறு கல்லாகிவிடும். முதலில் வெளிச்சாப்பாட்டு எண்ணெயைக் குறைத்தேன், பலனில்லை. அப்புறம் நார்ச்சத்துப் பொடி. உப்புசம்தான் கூடியது.

பையிலிருந்த ஒரு லிட்டர் பாட்டிலைப் பார்த்தபோதுதான் உறைத்தது. காலையில் நிரப்பியது, மாலையிலும் கழுத்து வரை அப்படியே. வழியில் கழிப்பறை தேட வேண்டுமே என்று தண்ணீரைத் தவிர்த்திருக்கிறேன். தண்ணீர் போதாமல் நார்ச்சத்து மட்டும் சேர்த்தால் மலம் இன்னும் இறுகலாம்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: வெறும் வயிற்றோடு அதிகாலையில் வண்டி ஏறுவது. இரைப்பையில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும். காலையில் அது வலுவாக இருக்கும். நானோ அந்நேரம் சீட் பெல்ட்டுக்குள்! இப்போது ஒரு மணி நேரம் முன்பே எழுந்து இரண்டு டம்ளர் தண்ணீர், கொஞ்சம் சாப்பாடு, அப்புறம் 20 நிமிடம் அறையிலேயே. போன பயணத்தில் 6 நாளும் தவறவில்லை. பொடி டப்பா திறக்காமலே திரும்பி வந்தது.