வணிகர் சங்கங்கள் அரசுடன் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்துக்கு அமைச்சர் ஒருவர் வந்தால் வணிகர் சங்கங்கள் மகஜர் கொடுப்பது வழமை. மறுநாள் பத்திரிகையில் படம் வரும். பல நேரம் அத்தோடு கதை முடிந்துவிடும். அமைச்சர் ஏமாற்றிவிட்டார் என்று சொல்வது இலகு. ஆனால் எழுதிய விதத்தாலேயே நிறைவேறாமல் போகும் மகஜர்களும் உண்டு.

அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பாராமல் எழுதுவதுதான் இதில் பெரிய தவறு. சந்தைக் கடை வாடகை, வியாபார அனுமதிப்பத்திரம், குப்பை எல்லாம் மாநகர சபையினதோ பிரதேச சபையினதோ வேலை. இறக்குமதி வரியும் வற் எனப்படும் பெறுமதி சேர் வரியும் நிதி அமைச்சின் விடயம். காங்கேசன்துறைத் துறைமுகமும் பலாலி விமான நிலையமும் மத்திய அரசின் கையில். இடையில் மாகாண சபை இருக்கிறது. ஆனால் வடக்கில் தெரிவுசெய்யப்பட்ட சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின், மாகாண விடயங்களுக்கு ஆளுநரிடம்தான் போகவேண்டியிருக்கிறது. சுன்னாகம் சந்தை மலசலகூடத்தையும் நாகபட்டினம் கப்பல் சேவையையும் ஒரே மகஜரில் எழுதினால், வாங்குபவர் தன்னால் செய்யக்கூடியதையும் சேர்த்தே ஓரமாக வைத்துவிடுவார். ஒரு கோரிக்கைக்கு ஒரு கடிதம், அதுவும் உரிய ஆளுக்கு. இதைப் பழக்கமாக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்தது, காலம் பிந்திப் பேசுவது. 2024 ஜனவரி 1 இல் வற் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. அன்றே, பதிவு செய்யவேண்டிய ஆண்டு விற்பனை எல்லையும் 8 கோடி ரூபாயிலிருந்து 6 கோடியாக இறங்கியது. அதற்கான சட்டம் முந்தைய டிசம்பரிலேயே நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது. சட்டமூலங்கள் முதலில் வர்த்தமானியில் வரும், தமிழிலும் வரும். பேசவேண்டிய நேரம் அதுதான். வர்த்தமானியைத் தவறாமல் வாசிக்க ஓர் ஆளை நியமிக்காத சங்கம், எல்லாம் முடிந்த பிறகுதான் கூட்டம் போடும்.

என்னை அதிகம் உறுத்துவது இன்னொன்று. “யாழ் மக்கள் சார்பில்” என்று எழுதுவது. உருளைக்கிழங்கின் இறக்குமதி வரி குறைந்தால் மொத்த வியாபாரிக்கு நல்லது. ஆனால் வலிகாமத்தில் கிழங்கு கிண்டும் நேரத்தில் அது நடந்தால், அங்குள்ள விவசாயி கடனாளியாவார். வெங்காயமும் அப்படித்தான். சந்தையில் விவசாயியின் மரக்கறிக்கு நூறு கிலோவுக்குப் பத்து கிலோவைக் கழிவு என்று காசு கொடுக்காமல் எடுக்கும் பிரச்சினை எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதில் வாய் திறக்காத சங்கம் இறக்குமதி வரி என்று வந்ததும் மக்கள் பெயரில் பேசினால் யார் நம்புவார்? உறுப்பினரின் நலனைப் பேசுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். “இதனால் எங்களுக்கு இன்ன லாபம், விவசாயிக்கு இன்ன பாதிப்பு, அதைக் குறைக்க இப்படிச் செய்யலாம்” என்று எழுதுங்கள். எழுதுமுன் கமக்கார அமைப்புகளோடு ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். அந்தக் கடிதத்தை ஒருவரும் இலேசில் ஒதுக்கமாட்டார்.

“பாரிய நட்டம்” என்று எழுதிவிட்டு எண் ஒன்றும் கொடுக்காமல் விடுவதும் சரியல்ல. உறுப்பினர்களிடம் கேட்டு, பெயர் வெளியே வராமல் கணக்கைத் திரட்டலாம். எடுத்த எடுப்பில் கடையடைப்புக்கு அழைக்கவும் வேண்டாம். அன்று முதலில் பட்டினி கிடப்பது கடையில் நாட்கூலிக்கு நிற்கிற பிள்ளைதான்.

தேர்தல் காலத்தில் கூடுதல் கவனம் வேண்டும். சங்கத்தின் பணம் வேட்பாளருக்குப் போகக்கூடாது என்பதே என் நிலைப்பாடு. 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவினச் சட்டப்படி வேட்பாளர்கள் தாங்கள் பெற்ற நன்கொடைகளுக்கும் கணக்குக் காட்டவேண்டும். அந்தப் பட்டியலில் சங்கத்தின் பெயர் வந்தால், அடுத்த கட்சி ஆட்சிக்கு வரும்போது கதவு மூடிவிடும். அதிகாரிகளுக்கு அன்பளிப்புக் கொடுக்கும் பழக்கத்தையும் அடியோடு விடவேண்டும். அதே ஆண்டில் வந்த ஊழல் எதிர்ப்புச் சட்டம் அதை இலேசாக விடாது.

சரி, கடிதம் கொடுத்தாயிற்று, பதில் இல்லை. இரண்டாவது மகஜர் எழுதுவதற்கு முன் 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். அந்தக் கடிதத்தின்மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, கோப்பு இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். தமிழிலேயே கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தன் முடிவைச் சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம்.