ஊட்டிக் குளிரில் அல்ஜினேட் உறைகள்: பெருங்குடல் மருந்துக்கு ஒரு மாதிரிச் சோதனை

பெருங்குடல் புற்றுநோய்க்கான மருந்து இரைப்பையிலேயே வெளியேறிவிடக் கூடாது. அமிலத்தில் சுருங்கி, பி.எச். 7-ஐ ஒட்டி ஊதிப் பிரியும் அல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் பசைப்பொருள்) உறை அதற்கு ஒரு வழி. ஊட்டியில் இந்தச் செய்முறையைக் கெடுப்பவை இரண்டு: மூடுபனியின் ஈரமும் டிசம்பர் குளிரும்.

பழகுவதற்கு 5-ஃப்ளூரோயுராசில் என்ற புற்றுநோய் மருந்தே வேண்டாம். பாதுகாப்புப் பெட்டகம் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. மெத்திலீன் நீலச் சாயமும் சரிப்படாது. அதன் நேர்மின்னேற்றம் அல்ஜினேட்டில் ஒட்டிக்கொள்வதால், உறை மருந்தைப் பிடித்து வைத்திருப்பதுபோல் ஏமாற்றும். வைட்டமின் பி12 எடுங்கள். சிவப்பு கண்ணுக்கே தெரியும். 361 நானோமீட்டரில் அளக்கலாம். வெளிச்சம் ஆகாது, பீக்கரில் அலுமினியத் தாள் சுற்றுங்கள்.

முதல் வேலை கால்சியம் குளோரைடு. அல்ஜினேட் சொட்டுகளை இறுக்கி உருண்டையாக்குவது இதன் கால்சியம்தான். மழை மாதங்களில் திறந்த பாட்டிலில் அது தானே நீரை உறிஞ்சிக் கசியும். அதை நிறுத்தால் பாதி தண்ணீரைத்தான் நிறுக்கிறீர்கள். உருண்டைகள் கொழகொழவென்று வரும். பாட்டிலைத் திறந்த அன்றே 20% கரைசலாக்கி மூடி வையுங்கள், தேவைப்படும்போது 2% ஆக நீர்த்துக்கொள்ளலாம். 20% கரைசலுக்கு, டைஹைட்ரேட் (நீர் சேர்ந்த படிகம்) என்றால் 100 மி.லி.க்கு 26.5 கிராம்.

50 மி.லி. வாலைவடிநீரைச் சுழலவிட்டு 1 கிராம் சோடியம் அல்ஜினேட்டைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும், அது லேசில் கரையாது. 25 மி.கி. பி12 கலந்து, காற்றுக்குமிழி அடங்க இரவு முழுக்க விடுங்கள். காலையில் கரைசல் குளிரில் பாகுபோல் இறுகியிருக்கும். அப்படியே சொட்டினால் தலைப்பிரட்டை மாதிரி வால் முளைக்கும். வெந்நீர்த் தொட்டியில் 25 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகு, 26 கேஜ் ஊசியால் 200 மி.லி. கால்சியம் குளோரைடில் சொட்டவிடுங்கள். அரை மணி போதும். கூடுதலாக ஊறினால் பி12 அந்தக் கால்சியம் கரைசலிலேயே கசியும். எவ்வளவு போனது என்று அந்த நீரையும் அளந்துவிடுங்கள்.

கைகளால் சொட்டினால் கிடைப்பது 1 மி.மீ.க்கு மேற்பட்ட உருண்டைதான். உண்மையான நுண்ணுறைக்கு ஊசியைச் சுற்றிக் காற்று வீச வேண்டும், அல்லது உயர் மின்னழுத்தம் தர வேண்டும்.

மேற்பூச்சு 0.5% கைட்டோசன் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் பாலிமர்), 1% அசிட்டிக் அமிலத்தில் கரைத்தது. பி.எச். 5 அருகே இருக்கட்டும். அங்கேதான் இரண்டு பாலிமர்களுக்கும் எதிரெதிர் மின்னேற்றம் இருக்கும். இருபது நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். மூடுபனியில் திறந்து வைத்தால் காயாது, 40 டிகிரியில் ஆய்வகச் சூட்டடுப்பில் உலர்த்துங்கள்.

சோதனை 37 டிகிரியில்: 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 2 மணி நேரம், பிறகு பி.எச். 7.4 பாஸ்பேட் பஃபரில் (பி.எச்.-ஐ மாறாமல் வைக்கும் கரைசல்). இங்கே ஒரு பொறி உண்டு. பாஸ்பேட் தானே கால்சியத்தைப் பிடுங்கி உறையைக் குலைக்கும், பழி பி.எச். மேல் விழும். அதே 7.4-ல் பாஸ்பேட் இல்லாத டிரிஸ் பஃபரிலும் ஒரு குவளை வையுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பாஸ்பேட்டின் கைவேலை.